சைடு வீல்

3.6.2009 புதன்

வெயில். காத்து சுத்தமா இல்ல. 9 மணிக்கு வரச் சொன்ன விழா. தலைவர் வந்தது 2.40.

காலையிலேர்ந்து தண்ணி குடிக்கல. குடிச்சா பாத்ரூம் போகணும். பாத்ரூம் நாலு படி ஏறி. ஊனமுற்றோருக்கு விழா நடத்துற மண்டபம் இது.

மொத்தம் பன்னெண்டு ஸ்கூட்டர், பின்னாடி ரெண்டு பக்கமும் சைடு வீல் வெச்சது. மத்தவங்களுக்கு ஊன்றுகட்டை, காது மிஷின், மடக்கு நாற்காலி. மேடைக்கும் படி. ரெண்டு பேர் வந்து என்னை நாற்காலியோட தூக்குனாங்க. தூக்கட்டுமான்னு கேக்கல. அட்டையில செஞ்ச பெரிய சாவி ஒண்ணு கையில. போட்டோக்காரர் "சிரிங்கம்மா"ன்னார். மூணு தடவ. மூணாவது தடவ சிரிச்சுத் தொலைச்சேன். நாளைக்கு பேப்பர்ல அந்தப் பல்லுதான் வரும். அட்டை சாவிய வாங்கி அடுத்த ஆள் கையில குடுத்துட்டாங்க. வண்டி அடுத்த வாரமாம்.

பக்கத்து சீட்ல காதர் பாய்னு ஒருத்தர். ஊரு மேல்பட்டாம்பாக்கம். மெக்கானிக். இடது கால் தொடைக்குக் கீழ கிடையாது, செயற்கைக் கால். "இந்தப் பன்னெண்டு வண்டிக்கும் வீல் மாட்டுனது நான்தான். மேடைக்குக் கூப்புடல. நல்லதாப் போச்சு"ன்னார். சாப்பாட்டுப் பொட்டலத்த பிரிச்சுப் பாத்துட்டு மூடி வெச்சார். "வீலு ஆட்டம் குடுத்தா போன் பண்ணுங்க. இவுங்களுக்குப் பண்ணாதீங்க, எடுக்க மாட்டாங்க." அழைப்பிதழ் பின்னாடி நம்பர் எழுதிக் குடுத்தார்.

இன்னிக்குப் பேசுன ஒரே மனுஷன்.

8.6.2009 திங்கள்

லீவு போட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ். வண்டிய அங்கயே கொண்டாந்து குடுத்தாங்க. ஃபாரத்துல 'ஊனத்தின் விவரம்'. எழுதுனேன்: ரெண்டு வயசுல போலியோ, இரண்டு கால்கள், கேலிப்பர் மற்றும் ஊன்றுகோல். இதே வரிய எத்தன தடவ எழுதியாச்சு. வயசு கட்டம் மட்டும் மாறுது. இப்ப 38.

இன்ஸ்பெக்டர் ஓட்டிக் காட்டச் சொன்னார். எட்டு போட்டேன், டிரைவிங் ஸ்கூல் வண்டியில ஒரு மாசம் பழகுனது. அப்புறம், "எறங்கி வந்து கையெழுத்து போடும்மா." நோட்டு அவர் கையிலதான் இருந்துச்சு. காலுல மாட்டியிருக்குற இரும்புக் கேலிப்பர லாக் போட்டு, கட்டைய எடுத்து, அந்த வெயில்ல முப்பது அடி நடந்தேன். அவர் போன்ல யார்கிட்டயோ கிரிக்கெட் பேசிட்டிருந்தார்.

லைசென்ஸ்ல வண்டி வகை: இன்வேலிட் கேரேஜ். அதாவது முடியாதவங்க வண்டி. போடட்டும்.

அங்கிருந்து ஓ.டி. (ஓல்டு டவுன்) வீட்டுக்கு வண்டிய ஓட்டிட்டு வந்தது அருள். என் தம்பி. "மொத நாளு டிராபிக் ஜாஸ்திக்கா, நீ பின்னாடி உக்காரு." உக்காந்தேன். தெருவுல இறங்குனதும் அவன் பொண்ணுங்க ரெண்டையும் ஏத்திகிட்டு ரெண்டு ரவுண்டு. அவன் பொண்டாட்டி ஜெசி வாசல்ல நின்னு, "சூப்பரா இருக்குல்ல அண்ணி?" எனக்கு ஒரு ரவுண்டு சாயங்காலம் ஆறு மணிக்குக் கெடச்சுது.

ரெண்டு சாவி குடுத்திருந்தாங்க. ஒண்ண அவன் வளையத்துல மாட்டிகிட்டான். இன்னொண்ணு என் ஆபீஸ் பையில.

12.6.2009 வெள்ளி

நாலாவது நாளா தனியா ஆபீஸ். ஓ.டி.யிலேர்ந்து மஞ்சக்குப்பம். பத்து வருஷமா அருள் பைக்ல ஒருக்களிச்சு உக்காந்து, கட்டைய அவன் முதுகுக்கும் என் மடிக்கும் நடுவுல புடிச்சுகிட்டு போன ரோடு. முன்னாடி உக்காந்து பாத்தா வேற ரோடா இருக்கு. பள்ளம் எல்லாம் முன்னாடியே தெரியுது.

சாயங்காலம் மீன் மார்க்கெட். மீன்காரம்மா வண்டிகிட்டயே கூடைய கொண்டாந்துச்சு. "என்ன வேணும் சொல்லு." எனக்கு வாய் வரல. வீட்டுல என்ன மீன் வரும்னு முடிவு பண்றது ஜெசி. அதுக்கு முன்னாடி அம்மா. அப்புறம் சங்கரா சொன்னேன். ஜெ. சட்டிய திறந்து பாத்துட்டு, "சங்கராவா? முள்ளு ஜாஸ்தி அண்ணி, புள்ளைங்க திங்காது." நான் தின்னேன். மூணு.

மார்க்கெட்டுக்கு முன்னாடி தேவனாம்பட்டினம் பீச். இறங்கல, இறங்குனா மணல்ல கட்டை புதையும். ரோடு முடியிற எடத்துல வண்டியிலயே உக்காந்திருந்தேன். வெள்ளைப் புடவை கட்டுன ஒரு அம்மா நேரா வந்து என் தலை மேல கைய வெச்சுது. "விசுவாசிச்சா நீ எழுந்து நடப்ப மகளே." கண்ண மூடி ஜெபம் வேற. கை தலையில இருக்கும்போதே வண்டிய ஸ்டார்ட் பண்ணிக் கெளப்பிட்டேன். கண்ணாடியில பாத்தேன். கை அப்படியே அந்தரத்துல.

16.6.2009 செவ்வாய்

புழுக்கம். ஆபீஸ்ல ஃபேன் ரிப்பேர்.

டிரான்ஸ்ஃபர் ஆர்டர். சிதம்பரம் கிளை. 26 ரிலீவ், 29 சேரணும். சூப்ரண்ட் ஆர்டர என் மேசையில வெச்சுட்டு, "உங்களுக்குத்தான் வண்டி வந்திருச்சேம்மா"ன்னார். இத்தன வருஷம் தொடாம இருந்தது பரிதாபத்துனாலயாம். இப்ப நானும் மத்தவங்க மாதிரியாம். சந்தோஷப்படணுமா வேணாமான்னு தெரியல. சட்டுனு ஒண்ணு மட்டும் தெரிஞ்சுது: போகணும்.

வீட்டுல சொன்னதும் அருள், "நீ கவலப்படாதக்கா. மெடிக்கல் லீவு போடு. நான் ஆளப் பாத்து கேன்சல் பண்றேன்." நான் கவலப்படுறேன்னு யார் சொன்னது? சாப்பாட்டுத் தட்டு முன்னாடி அவனே கேள்வியும் அவனே பதிலும். நான் ரசம் ஊத்திகிட்டேன்.

20.6.2009 சனி

டைப்பிஸ்ட் விமலாவோட சித்தி வீடு சிதம்பரத்துல ரயிலடி பக்கம். கீழ் போர்ஷன்ல ஒரு ரூம், தனி பாத்ரூம், உக்கார்ற கக்கூஸ். வாசல்ல ஒரே படி. போன்ல பேசி முடிச்சுட்டேன். அந்தம்மா கேட்ட மொத கேள்வி, "ராத்திரி யாராவது வந்து போவாங்களா?" எனக்கு வயசு 38, ரெண்டு காலும் இரும்பு. அப்படியும் கேட்டுது. ஒரு வகையில மரியாதைதான். "யாரும் வர மாட்டாங்க, நான் வேணா எங்கயாவது போவேன்"ன்னேன்.

சாயங்காலம் வீட்டுல சொன்னேன். போறேன்னு. தனியா இருக்கப் போறேன்னு.

ஜெ.: "ஊர்ல என்ன பேசுவாங்க அண்ணி? தொரத்திட்டோம்னுதானே பேசுவாங்க?"

அருள் சத்தம் போடல. அவன் போட்டதே கெடையாது, அதான் கஷ்டம். "ஒடம்பு முடியாம விழுந்து கெடந்தா யாரு தூக்குவா? அப்பா சாவும்போது உன்ன என் கையில புடிச்சுக் குடுத்துட்டுப் போனாரு."

"என்னையக் கேட்டா குடுத்தாரு?"

"பத்து வருஷம் உன்ன ஏத்தி எறக்கியிருக்கேன்கா."

உண்மை. மழையில, காய்ச்சல்ல, நைட் ஷிஃப்ட் முடிச்சு தூக்கத்தோட. ஒரு நாள் கூட மூஞ்சி சுளிச்சது இல்ல. என் சம்பளத்துக்காகத்தான்னு சொல்லிட்டா கோபப்பட சுலபமா இருக்கும். அது இல்ல. அவனுக்கு நான் வேணும், உக்காந்த எடத்துல. 'அக்காவ எப்படிப் பாத்துக்குறான் பாரு'ன்னு கோயில்ல சொல்ற ஒவ்வொரு பொம்பளையும் அவனுக்கு வேணும்.

இத எழுதுனது தப்போ. இருக்கட்டும், அடிச்சு அழிக்க மாட்டேன்.

22.6.2009 திங்கள்

காலையில வாசல்ல வண்டி நிக்குது. ரெண்டு சக்கரத்துல. ஸ்டாண்டு போட்டு. சைடு வீல் இல்ல.

அருள்: "ஃப்ரேமு வளஞ்சிருக்குக்கா. நேத்து பாத்தேன். வெல்டிங்குக்குக் குடுத்திருக்கேன். நாலு நாளு. என் பைக்கும் மக்கர் பண்ணுது, அதுவரைக்கும் நானே இத எடுத்துட்டுப் போறேன். உன்ன எப்பவும் போல விட்டுர்றேன்."

என் வண்டியில நான் பின்னாடி. கட்டை அவன் முதுகுக்கும் என் மடிக்கும் நடுவுல. கண்ணாடிய அவன் ஒசரத்துக்கு மாத்தி வெச்சிருக்கான்.

25.6.2009 வியாழன்

நாலு நாள் ஆச்சு. வெல்டிங் கடை எதுன்னு கேட்டேன். "செம்மங்குப்பத்துல எங்க கம்பெனி பக்கம் ஒருத்தன்." பேரு? "பேரு தெரியாதுக்கா."

மத்தியானம் தலவலின்னு சீக்கிரம் ஆட்டோவுல வந்துட்டேன். ஜெ. அடுப்படியில போன்ல அவ அக்காகிட்ட. நான் வந்தது தெரியல.

"...இல்லக்கா, அண்ணிக்குத் தெரியாது. மாடியில, தண்ணித் தொட்டி பின்னாடி சாக்கு போட்டு மூடி வெச்சிருக்காரு. அங்க எப்படிப் போவாங்க? ... தேதி தாண்டிட்டா ஆர்டர் தானா கேன்சல் ஆயிரும்னு சொல்றாரு... ஆமா, அவுங்க நல்லதுக்குத்தானே."

ரூமுக்கு வந்து கட்டில்ல உக்காந்தேன். கேலிப்பர கழட்டல.

ஒளிச்சு வெச்சது கூட இல்ல. எங்க ஒளிச்சான்கிறது. என் காலு ஏறாத எடமா பாத்து. இந்த வீட்டுல என் காலப் பத்தி அவனுக்குத் தெரிஞ்ச அளவு வேற யாருக்கும் தெரியாது. தெரிஞ்சத வெச்சு இதச் செஞ்சிருக்கான்.

27.6.2009 சனி

நேத்து ரிலீவ் ஆயிட்டேன். ஆபீஸ்ல ஒரு சால்வை, ஒரு எவர்சில்வர் டப்பா. வீட்டுல சொல்லல. மெடிக்கல் லீவு எழுதிக் குடுத்துட்டேன்னு அருள் நெனச்சுகிட்டிருக்கான். நான் சொல்லல, அவனும் கேக்கல.

காதர் பாய்க்குப் போன் பண்ணேன். யாருன்னு ஞாபகம் இல்ல அவருக்கு. அட்டை சாவின்னதும் வந்திருச்சு.

"ஃப்ரேமு இருக்கா?"

"இருக்கு. மாடியில."

"எனக்கும் மாடி ஏற முடியாதும்மா."

"நான் எறக்கி வெக்கிறேன். நீங்க வாங்க. நாளைக்கு, எட்டேமுக்காலுக்கு."

அப்புறம், "போல்ட்டு நட்டு எல்லாம் சேத்து எறக்குங்க. தொலஞ்சா என்கிட்ட சைஸ் இருக்கான்னு பாக்கணும்"ன்னார்.

செய்ய வேண்டியது: துணி ரெண்டு பை. ஆர்டர் காப்பி. லைசென்ஸ். பி.பி. மாத்திரை. அம்மா போட்டோ? (வேணாம். சரி, எடுத்துக்கலாம்.)

28.6.2009 ஞாயிறு

கை ரெண்டும் எரியுது. எழுதுறது கோணலா வருது.

ஏழரைப் பூசைக்கு நாலு பேரும் நடந்தே போனாங்க. கோயில் பக்கத்துத் தெருதான். எனக்கு வயித்து வலின்னு சொன்னேன். ஜெ. சுடு தண்ணி வெச்சுக் குடுத்துட்டுப் போனா.

கேலிப்பர கழட்டுனேன். மாடிப்படி வெளிப்பக்கம், சிமெண்டு, பத்தொம்பது படி. திரும்பி உக்காந்து, கைய மேல் படியில ஊனி, ஒடம்பத் தூக்கி, காலு ரெண்டையும், கூட ஒரு கட்டையையும் இழுத்து. ஒண்ணு. அப்புறம் அடுத்தது. எட்டாவது படியில வெயில் விழுந்துச்சு, அதுக்கு மேல எல்லாம் சுட்டுது. நைட்டி கிழிஞ்சுது. எதிர் வீட்டு மேரி எட்டிப் பாத்து, "செலின் அக்கா! என்ன பண்றீங்க? விழுந்துட்டா?"

"பாத்துகிட்டே இரு. விழுந்தா சொல்லு."

இந்த மாடி கட்டி பதினோரு வருஷம். இன்னிக்குத்தான் பாத்தேன். கொடியில என் புடவையும் காயுது. அந்தப் பக்கம் துறைமுகம், படகு, தூரத்துல கடல் கொஞ்சம். நிக்காம தொட்டிக்குப் பின்னாடி தவழ்ந்து போனேன். சாக்கு. அடியில ரெண்டு சக்கரம், குறுக்கு ஃப்ரேம், பிளாஸ்டிக் பையில போல்ட்டு. ஃப்ரேம் வளையல. கம்பி மாதிரி நேரா இருந்துச்சு. அதுவரைக்கும் மனசுல ஒரு ஓரமா வளஞ்சிருக்குமோன்னு நெனச்சிருந்தேன் போல. அப்பத்தான் அழுகை வந்துச்சு.

கோயில் மைக்ல ஃபாதர் அறிவிப்பு ஆரம்பிச்சுட்டார். வியாழன் அன்பியக் கூட்டம், ஞாயிறு மறைக்கல்வி. அறிவிப்பு வந்தா பூசை முடியப் போகுது. சக்கரத்த படியில உருட்டி விட்டேன். ஒண்ணு நேரா இறங்கிப் போய் முருங்கை மரத்துல முட்டி நின்னுச்சு. இன்னொண்ணு நடுவுல மாட்டிகிச்சு, கட்டையால தள்ளுனேன். ஃப்ரேம் உருளாது. மடியில வெச்சுகிட்டு படி படியா நானும் அதுவும். போல்ட்டுப் பைய வாயில கடிச்சுகிட்டேன்.

கீழ வந்தப்ப காதர் பாய் வாசல் கேட் பக்கத்துல வண்டிய நிறுத்திட்டு உக்காந்திருந்தார். எப்ப வந்தார் தெரியல. கைய, நைட்டிய எல்லாம் பாத்தார். செயற்கைக் கால கழட்டி ஓரமா சாத்திட்டு தரையில உக்காந்து, "பதினேழாம் நம்பர் ஸ்பானரு எடுங்க"ன்னார். எடுத்துக் குடுத்தேன். ஒரு நட்டு இல்ல. அவர் டப்பாவுல தேடி எடுத்தார்.

ஒரு பக்கம் மாட்டி முடிக்கும்போது வந்துட்டாங்க. ஜெ. அப்படியே நின்னுட்டா. புள்ளைங்க மரத்துகிட்ட கெடந்த சக்கரத்த உருட்டிகிட்டு ஓடி வந்துச்சுங்க.

அருள் காதர் பாய்கிட்ட, "யாருங்க நீங்க?"

"மெக்கானிக்."

"இது எங்க வீட்டு விஷயம்."

"நான் வண்டி விஷயம் பாக்குறேன் சார். அந்தச் சக்கரத்த இப்படித் தள்ளுங்க."

அருள் தள்ளல. பெரிய பொண்ணு தள்ளிச்சு.

அப்புறம் அவன் என் கையப் பாத்தான். "என்னாச்சுக்கா கை?"

"ஏறுனேன்."

மாடிப்படியில உக்காந்துட்டான். தலைய தொங்கப் போட்டுகிட்டு, "ஏதாவது லாரி அடிச்சு நீ செத்துப் போனா நான் என்ன பண்றது?"

"பொதைக்கணும்."

ஜெ. வாயப் பொத்திகிட்டு உள்ள போயிட்டா. அவன் மொகம் சின்ன வயசுல அடி வாங்குனா எப்படி இருக்குமோ அப்படி ஆயிருச்சு. பாத்தேன். இன்னும் நாலு வார்த்தை இருந்துச்சு, சொல்லல. இரக்கத்துனால இல்ல. மூச்சு இல்ல.

காதர் பாய் வண்டிய ரெண்டு பக்கமும் ஆட்டிப் பாத்துட்டு, "வெள்ளாத்துப் பாலத்துல மெதுவாப் போங்க. சைடு காத்து அடிக்கும்"ன்னு சொல்லிட்டுக் கெளம்பினார். காபி வேணாம்னுட்டார்.

29.6.2009 திங்கள். சிதம்பரம்.

காலை 7.50க்குக் கெளம்பினேன். அருள் வெளிய வரல. ஜெ. தயிர் சாதம் கட்டிக் குடுத்தா. வாங்கிகிட்டேன். ரெண்டு பேரும் மூஞ்சியப் பாத்துக்கல.

செம்மங்குப்பம் தாண்டும்போது கெமிக்கல் நாத்தம், அருள் சட்டையில தெனம் வர்ற அதே நாத்தம். ஆலப்பாக்கம். புதுச்சத்திரத்துல பஸ்காரன் ஹாரன் அடிச்சே என்னை மண்ணுல எறக்குனான். ஒரு பைக்ல ரெண்டு பேர் கூடவே கொஞ்ச தூரம் வந்து, "எங்கக்கா, டூரா?" பதில் சொல்லல. பாலத்துல நெஜமாவே காத்து. கட்டை ஒண்ணு கட்டு அவுந்து பறந்துச்சு. நிறுத்தி ஒத்தக் கட்டையோட போய் எடுத்துட்டு வந்தேன். லாரி ஒவ்வொண்ணும் போகும்போது பாலமே ஆடுச்சு. பயம். ரொம்பப் பயம். அருள் சொன்னது காதுல கேட்டுகிட்டே இருந்துச்சு, அதுக்காக அவன் மேல இன்னும் கோவம்.

கோபுரம் தெரிஞ்சப்ப கும்பிடத் தோணல. பாத்ரூம் எங்கன்னுதான் தோணுச்சு.

ஆபீஸ் மொத மாடி. லிஃப்ட் கெடையாது.

கீழ வண்டியிலயே உக்காந்துகிட்டு, பியூன்கிட்ட சொல்லி அனுப்புனேன்: வருகைப் பதிவேடு கீழ வரணும். பத்து நிமிஷம் கழிச்சு சூப்ரண்டே வந்தார். புதுசு, சின்ன வயசு. மேல இருந்து கீழ பாத்தார். "இப்படின்னு ஆர்டர்ல போடலியேம்மா."

"ஆர்டர்ல காலுக்குக் கட்டம் இல்ல சார்."

"மத்தவங்க தூக்கிட்டு வருவாங்க..."

"தூக்க வேணாம். இன்னிக்கு நாப்பது கிலோமீட்டர் நானே வந்திருக்கேன். மேசைய எறக்குங்க."

மத்தியானம் மேசை இறங்குச்சு. மாடிப்படிக்கு அடியில, தபால் வாங்குற எடத்துல. தலைக்கு மேல எல்லாரும் தடதடன்னு ஏறி இறங்குறாங்க. முன்பகல் 10.55ன்னு சேந்த நேரம் எழுதி கையெழுத்து போட்டேன்.

4.7.2009 சனி

மழை தூறுச்சு. வீட்டுக்காரம்மா வாசப் படிக்குப் பலகை போட்டுக் குடுத்துது. வழுக்குது. மேல சாக்கு வெச்சு அடிக்கணும்.

தனியா சமையல். சாதம் குழைஞ்சுது. தனியா குளிச்சேன். தாழ்ப்பாள் போட்டுகிட்டு. ஓ.டி. வீட்டுல பாத்ரூம் தாழ்ப்பாள் போட விட மாட்டாங்க, விழுந்துட்டா என்ன பண்றதுன்னு. இங்க ரெண்டு தடவ தாழ்ப்பாள் போட்டு, திறந்து, மறுபடி போட்டேன்.

போன் பேச்சே இல்ல. அங்கிருந்தும் வரல, நானும் பண்ணல.

12.7.2009 ஞாயிறு

அருள் வந்தான். சொல்லாம. பஸ்ல.

கையில என் பழைய குளியல் ஸ்டூல், ஒரு பை நெறைய என் துணி. வாசப் பலகைய காலால அமுத்திப் பாத்தான். "ஆடுது"ன்னான். அடியில செங்கல் வெச்சு சரி பண்ணான். நான் கேக்கல.

உள்ள வந்து சுத்திப் பாத்தான். அடுப்பு, கட்டில், தாழ்ப்பாள். தண்ணி குடுத்தேன். புள்ளைங்க என்னைக் கேக்குதுங்களாம். ஜெ. மொளகாத்தூள் அரைச்சுக் குடுத்திருக்காளாம்.

மாடி பத்தி அவன் பேசுவான்னு இருந்தேன். பேசல. பேசுனா என்ன பதில் சொல்லணும்னு ரெண்டு வாரமா மனசுல ஓட்டிப் பாத்து வெச்சிருந்தேன். எல்லாம் நல்ல நல்ல வார்த்தை. ஒண்ணும் செலவாகல.

நாலு மணிக்கு எழுந்தான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் விடட்டுமான்னு நான் கேக்கல. அவனும் நடந்தே போறேன்னுட்டான்.

பலகையில இறங்கி நின்னு, "ஒடம்பு முடியலன்னா போன் பண்ணுக்கா"ன்னான்.

ஒடம்பு நல்லா இருந்தாலும் பண்ணுவேன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல.